மாநிலங்களவை உறுப்பினர்களின் வாக்குப் பதிவுகள்: ஒப்பீட்டின் பயனும் எல்லையும்

சட்டமியற்றும் அவைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பேச்சுகளையே சான்றாகக் கொள்கின்றனர். பேச்சு படிக்கச் சுவையானது; பேசியவரின் ஆளுமையைக் காட்டுவது; மாணவர்க்கு எடுத்துரைக்க ஏற்றது. வாக்கோ பட்டியலில் ஒரு பெயர் மட்டுமே. எனினும் சட்டத்தை ஆக்குவது பேச்சன்று, வாக்கே ஆகும். ஓர் உறுப்பினர் ஒரு மசோதாவைக் கடுமையாக எதிர்த்துப் பேசிவிட்டு, வாக்கெடுப்பு மணி ஒலிக்கும் வேளையில் அவையை விட்டு வெளியேறலாம். பேச்சை மட்டும் படிக்கும் ஆய்வாளர் அவரை எதிர்ப்பாளர் என எழுதுவார். வாக்குப் பட்டியலைப் படிப்பவருக்கு அவர் பெயரே அகப்படாது. இவ்விரு சான்றுகளுக்கும் இடையிலான இடைவெளியில்தான் மேலவையொன்றின் உண்மையான வரலாறு பெரிதும் அடங்கியிருக்கின்றது என்பது நம் கருத்து. இந்திய நாடாளுமன்றத்தின் மேலவையான மாநிலங்களவையை எடுத்துக்கொண்டு, அதன் உறுப்பினர்களின் வாக்குப் பதிவுகளை ஒப்பிடுவதால் நாம் எவற்றை அறியலாம், எவற்றை அறிய இயலாது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

ஒப்பீட்டு முறையின் பிறப்பிடம்

வாக்குப் பதிவுகளை ஒப்பிடும் முறை அமெரிக்க ஐக்கிய நாட்டில் வளர்ந்தது. அதற்கு அந்நாட்டு அரசமைப்பே வழிவகுத்தது. அவையில் இருப்போரில் ஐந்தில் ஒரு பங்கினர் வேண்டினால் ஒவ்வோர் உறுப்பினரும் 'ஆம்' என்றாரா, 'இல்லை' என்றாரா என்பதை அவைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும் என அதன் முதற்பிரிவு விதிக்கின்றது. இதனால் 1789 முதல் இன்று வரை செனட் உறுப்பினர்களின் வாக்குகள் பெயர்வாரியாகக் கிடைக்கின்றன. 1902ஆம் ஆண்டளவில் லாரன்ஸ் லோவல் என்பார் இங்கிலாந்து, அமெரிக்க அவைகளில் கட்சியின் பிடி எத்தகையது என்பதை வாக்குகளைக் கொண்டு அளந்தார். 1920களில் ஸ்டூவர்ட் ரைஸ் ஓர் எளிய இணக்க எண்ணை வகுத்தார். ஒரு குழுவினரில் ஆதரித்தோர் விழுக்காட்டுக்கும் எதிர்த்தோர் விழுக்காட்டுக்கும் உள்ள வேறுபாடே அவ்வெண். நூறு பேரில் எண்பதின்மர் ஆதரித்து இருபதின்மர் எதிர்த்தால் இணக்கம் 60. பாதிக்குப் பாதி பிரிந்தால் 0. அனைவரும் ஒருபுறம் நின்றால் 100. பின்னாளில் கணினியின் துணைகொண்டு பூல், ரோசன்தால் ஆகியோர் உருவாக்கிய நுட்பமான முறைகளுக்கும் இவ்வெளிய எண்ணமே முன்னோடி எனலாம்.

இம்முறையின் ஆற்றலைக் காண ஓர் எடுத்துக்காட்டே போதும். 1964 சூன் 19 அன்று குடியுரிமைச் சமத்துவச் சட்டம் செனட் அவையில் 73க்கு 27 என நிறைவேறியது. சனநாயகக் கட்சியினரில் 46 பேர் ஆதரித்தனர், 21 பேர் எதிர்த்தனர். குடியரசுக் கட்சியினரில் 27 பேர் ஆதரித்தனர், 6 பேர் எதிர்த்தனர். ரைஸ் எண்ணின்படி சனநாயகக் கட்சியின் இணக்கம் ஏறத்தாழ 37 மட்டுமே. கட்டுக்குலைந்த கட்சி என்றே முதற்பார்வையில் தோன்றும். ஆனால் அக்கட்சியினரைத் தென் மாநிலத்தவர், ஏனையோர் என இரண்டாகப் பிரித்தால் காட்சி மாறுகின்றது. உள்நாட்டுப் போரில் பிரிந்து நின்ற 11 மாநிலங்களைச் சேர்ந்த 21 பேரில் டெக்சாசின் ரால்ஃப் யார்பரோ ஒருவரே ஆதரித்தார். ஏனைய 46 பேரில் மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட் ஒருவரே எதிர்த்தார். முதற்குழுவின் இணக்கம் 90ஐத் தாண்டுகின்றது. இரண்டாம் குழுவின் இணக்கம் 95ஐத் தாண்டுகின்றது. ஆக, அங்கு இருந்தது ஒரு தளர்ந்த கட்சியன்று. ஒரே பெயரில் வாழ்ந்த இரண்டு இறுகிய கட்சிகள். நூற்றுக்கணக்கான பக்கப் பேச்சுகள் காட்டாத இவ்வுண்மையை ஒரு பக்கப் பட்டியல் காட்டிவிடுகின்றது.

இம்முறையிலும் ஓட்டைகள் உண்டு. ஓர் அமெரிக்க வார இதழ் 2003ஆம் ஆண்டின் வாக்குகளை எண்ணி ஜான் கெரியையும், 2007ஆம் ஆண்டின் வாக்குகளை எண்ணிப் பராக் ஒபாமாவையும் செனட்டின் மிகத் தாராளவாத உறுப்பினர்கள் எனத் தரவரிசைப்படுத்தியது. இருவரும் அவ்வாண்டுகளில் குடியரசுத் தலைவர் பதவிக்குப் பரப்புரையில் ஈடுபட்டிருந்தவர்கள். பல வாக்கெடுப்புகளில் கலந்துகொள்ளாதவர்கள். 2007இல் ஜான் மெக்கெயின் அவர்களைக் காட்டிலும் மிகுதியாக அவைக்கு வாராதிருந்ததால் அவருக்கு மதிப்பெண்ணே வழங்கப்படவில்லை. வாராமையை எவ்வாறு எண்ணுவது என்னும் இவ்வினா இந்தியாவுக்கு வரும்போது இன்னும் சிக்கலாகின்றது.

1970 செப்டம்பர் 5

மாநிலங்களவை 1952 ஏப்ரல் 3 அன்று அமைக்கப்பெற்று, அவ்வாண்டு மே 13 அன்று முதன்முறையாகக் கூடியது. அதன் உறுப்பினர்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். கலை, இலக்கியம், அறிவியல், சமூகத் தொண்டு ஆகியவற்றில் சிறந்த பன்னிருவர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர்கள். அவை கலைவதில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவர். எனவே மக்களவையில் வீசும் காற்று இங்கு வந்து சேரச் சில ஆண்டுகள் ஆகும். 1977இல் சனதா கட்சி மக்களவையைக் கைப்பற்றிய பின்னரும் மாநிலங்களவையில் காங்கிரசின் கையே ஓங்கியிருந்தமையும், அதனால் 1978இல் அரசமைப்புத் திருத்த மசோதா ஒன்றின் சில பிரிவுகளை அவை நீக்கிவிட்டமையும் இவ்வமைப்பின் விளைவுகளே.

இவ்வவையின் வாக்குப் பட்டியல்களுள் வரலாற்று மாணவர் தவறாது படிக்க வேண்டியது 1970 செப்டம்பர் 5ஆம் நாளுக்குரியது. இந்தியாவுடன் இணைந்த சமத்தானங்களின் முன்னாள் மன்னர்களுக்கு வழங்கப்பட்டுவந்த மானியத்தையும் அவர்தம் சிறப்புரிமைகளையும் ஒழிக்கும் திருத்த மசோதா அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. மக்களவை அதனை மூன்று நாள்களுக்கு முன்பே நிறைவேற்றியிருந்தது. 1969இல் காங்கிரசு பிளவுபட்டுவிட்டதால் இந்திரா காந்தியின் அரசு இடதுசாரிகள், தி.மு.க. முதலிய கட்சிகளின் துணையை நம்பியிருந்தது. சுதந்திராக் கட்சி, சனசங்கம், பழைய காங்கிரசு ஆகியன எதிரணியில் இருந்தன. முடிவு: ஆதரவு 149, எதிர்ப்பு 75.

பார்வைக்கு இது பெருவெற்றி. எதிர்த்தோரைப் போல் ஏறத்தாழ இரு மடங்கினர் ஆதரித்துள்ளனர். ஆனால் அரசமைப்பின் 368ஆம் உறுப்பு இரண்டு நிபந்தனைகளை விதிக்கின்றது. அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரிக்க வேண்டும். அத்துடன் வந்திருந்து வாக்களித்தோரில் மூன்றில் இரு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். முதல் நிபந்தனை எளிதாக நிறைவேறிற்று. இரண்டாவதில்தான் சிக்கல். வாக்களித்தோர் 224 பேர். அதில் மூன்றில் இரு பங்கு 149.33. ஒரு வாக்கின் மூன்றில் ஒரு கூறு குறைந்ததால் மசோதா தோற்றது.

'ஒரு வாக்கில் தோற்றது' என்றே பாடநூல்கள் இதனைக் குறிப்பிடுகின்றன. அது பிழையன்று, ஆயினும் முழுமையுமன்று. கணக்கைச் சற்று நிதானமாக நோக்குவோம். வாராதிருந்த ஓர் ஆதரவாளர் வந்து வாக்களித்திருந்தால் மொத்தம் 225 ஆகும், தேவை 150, கிடைத்திருப்பதும் 150. மசோதா சரியாக நிறைவேறியிருக்கும். மற்றொரு வழியும் இருந்தது. எதிர்த்த 75 பேரில் எவரேனும் ஒருவர் மனம் மாற வேண்டியதில்லை. வாக்களிக்காமல் இருந்திருந்தாலே போதும். மொத்தம் 223 ஆகும், தேவை 148.67, 149 வாக்குகள் அதற்குப் போதுமானவை. எனவே அந்த 75 பெயர்களில் ஒவ்வொன்றும், வாராதோர் பட்டியலில் இருந்திருக்கக்கூடிய ஒவ்வோர் ஆதரவாளரின் பெயரும் தனித்தனியே முடிவைத் தீர்மானித்த பெயராகின்றது. பெயர்வாரிப் பதிவு இல்லாதிருந்தால் இத்தகைய ஆய்வுக்கு இடமே இல்லை.

இதன் பின்விளைவுகள் நன்கறியப்பட்டவை. மறுநாளே குடியரசுத் தலைவர் வி.வி. கிரி மன்னர்களுக்கான அங்கீகாரத்தை நீக்கும் ஆணையில் ஒப்பமிட்டார். மாதவராவ் சிந்தியா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970 டிசம்பர் 15 அன்று அவ்வாணையைச் செல்லாததாக்கியது. பன்னிரண்டு நாள்களில் மக்களவை கலைக்கப்பட்டது. 1971 தேர்தலில் இந்திரா காந்தியின் காங்கிரசு 352 இடங்களை வென்றது. அவ்வாண்டு டிசம்பரில் 26ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்து மன்னர் மானியம் ஒழிந்தது. இவ்வளவுக்கும் அந்த ஒரு வாக்குதான் காரணம் என நாம் கூறவில்லை. ஆனால் அவ்வாக்கு கிடைத்திருந்தால் நிகழ்வுகளின் வரிசை இவ்வாறு அமைந்திருக்காது என்பதை மறுப்பதற்கில்லை.

கொறடாவின் கை

1970ஆம் ஆண்டுப் பட்டியலைப் படிப்பதுபோல் 1990ஆம் ஆண்டுக்குப் பிந்திய பட்டியல்களைப் படிக்கலாகாது. இடையில் 52ஆம் திருத்தம் வந்துவிட்டது. 1985 மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, தன் கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களிக்கும் உறுப்பினர் பதவியிழக்கலாம். மாறாக வாக்களிப்பது மட்டுமன்று. கட்டளைக்கு மாறாக வாக்களிக்காமல் இருப்பதும் குற்றமே. முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும். இன்றேல் பதினைந்து நாள்களுக்குள் கட்சி அதனை மன்னித்திருக்க வேண்டும்.

ஆய்வு முறையியல் நோக்கில் இதன் பொருள் பெரிது. ரைஸ் எண் ஒரு கட்சியின் இணக்கத்தை அளக்கின்றது. இணங்காதவர் பதவியிழப்பார் என்னும் நிலையில் எல்லாக் கட்சிகளும் 100ஐ ஒட்டியே நிற்கும். அந்த 100 ஒருமித்த கருத்தைக் காட்டுகின்றதா, அச்சத்தைக் காட்டுகின்றதா என்பதை எண்ணிலிருந்து அறிய வழியில்லை. வெப்பமானியை வெந்நீரிலேயே அமிழ்த்தி வைத்துவிட்டு நோயாளியின் காய்ச்சலை அளப்பது போன்றது இது.

1992இல் கிஹோட்டோ ஹோலோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தைப் பெரும்பான்மைத் தீர்ப்பால் ஏற்றுக்கொண்டது. எனினும் வாக்களிப்பின் பொருட்டு வரும் பதவியிழப்பு, அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பு, கட்சியின் அடிப்படைக் கொள்கை ஆகியன தொடர்பான வாக்கெடுப்புகளுக்கே பொருந்த வேண்டும் என்னும் கருத்தையும் நீதிபதிகள் வெளியிட்டனர். இங்கு ஒன்று சிந்திக்கத்தக்கது. அமைச்சரவை மக்களவைக்கே பொறுப்புடையது என அரசமைப்பின் 75ஆம் உறுப்பு தெளிவாகக் கூறுகின்றது. மாநிலங்களவையில் தோற்பதால் எந்த அரசும் கவிழ்வதில்லை. கட்சித் தாவலைத் தடுப்பதற்குக் கூறப்பட்ட முதன்மைக் காரணம் அரசின் நிலைத்தன்மை என்றால், அக்காரணம் இவ்வவைக்குப் பொருந்தவே இல்லை. ஆயினும் அதே கடிவாளம் இங்கும் பூட்டப்பட்டது. இதனை அரசமைப்பின் குறைபாடுகளுள் ஒன்றாகவே நாம் கருதுகின்றோம்.

பெயரற்ற வாக்குகள்

வாக்குகள் பதியப்பட்டிருந்தால்தான் மேற்கூறியவையெல்லாம் பொருந்தும். மாநிலங்களவையில் பெரும்பாலான முடிவுகள் குரல் வாக்கெடுப்பிலேயே எடுக்கப்படுகின்றன. அவைத் தலைவர் 'ஆம்' என்போரையும் 'இல்லை' என்போரையும் குரல் எழுப்பச் சொல்லி, எக்குரல் மிகுதி எனத் தம் செவியால் தீர்மானித்து அறிவிக்கின்றார். எவரேனும் அதனை ஏற்காமல் பிரிவு வாக்கெடுப்பு வேண்டினால் மணி ஒலிக்கப்பட்டு, பொறியின் வாயிலாகவோ சீட்டின் வாயிலாகவோ வாக்குகள் பெயர்வாரியாகப் பதியப்படும். வேண்டாவிடில் 'அவை ஏற்றது' என்னும் இரு சொற்களே எஞ்சும். அரசமைப்புத் திருத்தங்களுக்கு மட்டும் எண்ணிக்கை தேவைப்படுவதால் பிரிவு வாக்கெடுப்பு இன்றியமையாததாகின்றது. அமெரிக்க செனட்டுக்கும் இந்திய மேலவைக்கும் இடையிலான மிகப் பெரிய வேறுபாடு இதுவே என்பது நம் துணிபு.

இவ்வழக்கத்தின் விலையை 2014ஆம் ஆண்டு காட்டியது. ஆந்திரப் பிரதேசத்தைப் பிரித்துத் தெலங்கானாவை உருவாக்கும் மசோதா 2014 பிப்ரவரி 20 அன்று மாநிலங்களவையில் கடும் அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மக்களவையிலும் இரு நாள் முன்னர் அவ்வாறே. ஒரு மாநிலத்தை இரண்டாக்கும் முடிவு. மாநிலங்களின் அவை எனப் பெயர் பெற்ற அவை. அம்மாநிலத்தைச் சேர்ந்த உறுப்பினர்களிலேயே ஆதரித்தோரும் எதிர்த்தோரும் இருந்தனர். இவ்வாறிருந்தும் யார் எப்பக்கம் வாக்களித்தனர் என்பதற்கு அலுவல்முறைச் சான்று இல்லை. நாளைய வரலாற்றாசிரியர் செய்தித்தாள்களையும் பேச்சுகளையும் கொண்டே ஊகிக்க வேண்டியிருக்கும்.

2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் வந்தபோது எதிர்க்கட்சியினர் பிரிவு வாக்கெடுப்பு வேண்டினர். உறுப்பினர்கள் தத்தம் இருக்கைகளில் இருந்து அதனைக் கோரவில்லை எனக் கூறப்பட்டு, மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறின. மறுநாள் எண்மர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். எவர் செய்தது முறை என்னும் வழக்காட்டுக்குள் நாம் புகவில்லை. அச்சட்டங்கள் ஓராண்டுக்கு மேல் விவசாயிகளின் போராட்டத்தைச் சந்தித்து 2021இல் திரும்பப் பெறப்பட்டன. அவற்றை மேலவையில் ஆதரித்தோர் எத்தனை பேர், எவரெவர் என்னும் எளிய வினாவுக்குப் பெயர்ப்பட்டியல் இல்லை என்பதையே ஈண்டுச் சுட்டுகின்றோம்.

எண்கள் மறைப்பன

பட்டியல் இருந்தாலும் அதனை ஐயத்துடனே படிக்க வேண்டும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 நவம்பரில், 42ஆம் திருத்தம் மாநிலங்களவையில் தடையின்றி நிறைவேறியது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தனர். வெளியே இருந்தோரில் பலர் அவையைப் புறக்கணித்தனர். அன்றைய பட்டியலைக் கொண்டு 'ஒருமித்த ஆதரவு' என எழுதுவது பூட்டிய கதவைச் சுவர் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதாவின் இரு வாக்கெடுப்புகள் இதனினும் நுட்பமானவை. 2010 மார்ச்சு 9 அன்று மாநிலங்களவை அதனை 186க்கு 1 என நிறைவேற்றியது. எதிர்த்த ஒருவர் மகாராட்டிர விவசாயிகள் இயக்கத் தலைவர் சரத் ஜோஷி. 2023 செப்டம்பர் 21 அன்று அதே நோக்குடைய வேறொரு மசோதா 214க்கு 0 என நிறைவேறியது. இரு எண்களையும் அருகருகே வைத்தால் பதின்மூன்று ஆண்டுகளில் ஒரே ஒருவர் மனம் மாறியதாகத் தோன்றும். உண்மை நிலை வேறு. 2010இல் சமாசவாதி, இராஷ்டிரிய சனதா தளம் முதலிய கட்சிகள் மசோதாவை அது இருந்த வடிவில் எதிர்த்தன. அவற்றைச் சார்ந்தோர் உள்ளிட்ட எழுவர் இடைநீக்கம் செய்யப்பட்டு அவைக்காவலரால் வெளியேற்றப்பட்டனர். பகுசன் சமாசக் கட்சி வெளிநடப்புச் செய்தது. அம்மசோதா மக்களவையில் எடுத்துக்கொள்ளப்படாமலே 2014இல் காலாவதியானது. எதிர்ப்பு அத்துணை வலிமையாக இருந்ததற்கு '1' என்னும் எண் சான்றாகுமா? தனியே நின்று 'இல்லை' என்ற சரத் ஜோஷியின் வாக்கு, வெளியேறிய அனைவரைக் காட்டிலும் ஆய்வாளருக்கு மதிப்புடையது. அவர் தம் எதிர்ப்பைப் பதிவேட்டில் விட்டுச் சென்றார்.

தமிழ் வாசகர்களுக்கு அணுக்கமான ஒப்பீடொன்றை 2019ஆம் ஆண்டு தருகின்றது. அவ்வாண்டு சூலை 30 அன்று முத்தலாக் தடை மசோதா மாநிலங்களவையில் 99க்கு 84 என நிறைவேறியது. அ.இ.அ.தி.மு.க.வும் ஐக்கிய சனதா தளமும் மசோதாவை அவையில் எதிர்த்தன; பின்னர் வெளிநடப்புச் செய்தன. வேறுபாடு 15 வாக்குகளே. வந்திருந்து வாக்களிப்போரின் பெரும்பான்மையே முடிவாகும் ஓர் அவையில் வெளிநடப்பு என்பது நடுநிலையன்று. அது பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணைக் குறைத்துக் கொடுக்கும் செயல். அரசுக்கு அதனால் நன்மை. கட்சிக்கோ தன் ஆதரவாளரிடம் 'எதிர்த்தோம்' எனக் கூறிக்கொள்ளும் வாய்ப்பு.

அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று குடியுரிமைத் திருத்த மசோதா 125க்கு 105 என நிறைவேறியது. பாகிசுதான், வங்காளதேசம், ஆப்கானிசுதான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த, முசுலிம் அல்லாத ஆறு சமயத்தவருக்கு மட்டும் வழிதிறந்த அம்மசோதா, தமிழ்நாட்டு முகாம்களில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இலங்கைத் தமிழ் அகதிகளை உள்ளடக்கவில்லை. அவையில் 11 உறுப்பினர்களைக் கொண்டிருந்த அ.இ.அ.தி.மு.க. இம்முறை மசோதாவை ஆதரித்தது. வேறுபாடு 20, பதினொரு வாக்குகள் பக்கம் மாறியிருந்தால் 114க்கு 116 ஆகியிருக்கும். தமிழ்நாட்டில் அதன் பின்னர் எழுந்த விவாதங்களில் இக்கணக்கு மீண்டும் மீண்டும் பேசப்பட்டது. ஐந்து மாத இடைவெளியில் ஒரே கட்சியின் இரு நிலைப்பாடுகளை இவ்வாறு அருகருகே வைக்க இயல்வது டிசம்பர் வாக்கு பதியப்பட்டதால்தான். சூலை மாத வெளிநடப்பை நாம் செய்திகளிலிருந்து கூட்டிச் சேர்க்க வேண்டியிருக்கின்றது.

மாநிலங்களின் அவையா?

மாநிலங்களவை மாநிலங்களின் குரல் என்றே பள்ளிப் பாடநூல்கள் கற்பிக்கின்றன. வாக்குப் பதிவுகளைக் கொண்டு இக்கூற்றைச் சோதித்தல் எளிது: ஒரே மாநிலத்தைச் சேர்ந்த உறுப்பினர்கள் கட்சி கடந்து ஒன்றாக வாக்களிக்கின்றனரா? 1964இல் அமெரிக்கத் தென் மாநிலத்தார் அவ்வாறு செய்தனர். அவர்கள் காத்து நின்றது இழிவான ஒரு வழக்கத்தை என்பது வேறு. 2019 டிசம்பரில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் கட்சி வழியே இரு கூறாகப் பிரிந்தனர். இலங்கைத் தமிழர் சிக்கல் குறித்து எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் பேசும் மாநிலத்திலேயே இந்நிலை.

2003ஆம் ஆண்டுத் திருத்தம் இப்போக்கை உறுதிப்படுத்தியது எனலாம். வேட்பாளர் தாம் போட்டியிடும் மாநிலத்தில் வாழ்பவராக இருக்க வேண்டும் என்னும் விதி அன்று நீக்கப்பட்டது. குல்தீப் நய்யார் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. அதே திருத்தம் மாநிலங்களவைத் தேர்தலில் மறைவான வாக்களிப்பையும் ஒழித்தது. வாக்களிக்கும் சட்டமன்ற உறுப்பினர் தம் வாக்குச்சீட்டைக் கட்சியின் முகவருக்குக் காட்ட வேண்டும். பிறருக்குக் காட்டினால் அது செல்லாது. 2017இல் குசராத்தில் இருவர் அவ்வாறு பிறருக்குக் காட்டியதால் அவர்தம் வாக்குகள் தள்ளப்பட்டன. அகமது பட்டேல் 44 வாக்குகளுடன் வென்றார். உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு கட்சியின் கண்முன் நிகழ்கின்றது. அவ்வுறுப்பினர் பின்னர் அவையில் அளிக்கும் குரல் வாக்கோ மக்களின் கண்ணில் படுவதில்லை.

நம் நாட்டு மேலவையையும் ஈண்டு ஒருகணம் நோக்கலாம். சிங்கப்பூருக்கு மேலவை இல்லை. மலேசியாவின் டேவான் நெகாராவில் 70 இடங்கள். 26 பேர் மாநிலச் சட்டமன்றங்களால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர், 44 பேர் மாமன்னரால் நியமிக்கப்படுகின்றனர். 1957இல் தேர்ந்தெடுக்கப்பட்டோர் 22, நியமிக்கப்பட்டோர் 16 என இருந்த விகிதம் பின்னாளில் தலைகீழானது. 2018 செப்டம்பர் 12 அன்று பொய்ச்செய்தி எதிர்ப்புச் சட்டத்தை நீக்கும் மசோதாவை அவ்வவை 28க்கு 21 என மறுத்தது, மூவர் வாக்களிக்கவில்லை. அப்போது அவைத் தலைவராக இருந்தவர் ம.இ.கா.வின் ச. விக்னேசுவரன். அறுபது ஆண்டுக்கால ஆட்சி மாறிய அவ்வாண்டில் நியமன உறுப்பினர்கள் பெரும்பாலும் பழைய ஆட்சியின் காலத்தவர்கள். மேலவை காலம் தாழ்த்தலாமேயன்றித் தடுக்க இயலாது என்பது அரசமைப்பின் ஏற்பாடு. மக்களவை 2019 அக்டோபரில் மசோதாவை மீண்டும் நிறைவேற்றியது. 1977ஆம் ஆண்டு மாநிலங்களவைக்கும் 2018ஆம் ஆண்டு டேவான் நெகாராவுக்கும் உள்ள ஒப்புமை தனி ஆய்வுக்குரியது.

மீண்டும் இந்தியாவுக்கு வருவோம். 2025 ஏப்ரலில் வக்ஃபு திருத்த மசோதா மாநிலங்களவையில் நள்ளிரவு கடந்து 128க்கு 95 என நிறைவேறியது. அதற்கு முன் ஒடிசாவின் பிஜு சனதா தளம், தன் உறுப்பினர் எழுவருக்கும் கொறடா உத்தரவு இல்லை, மனச்சான்றுப்படி வாக்களிக்கலாம் என அறிவித்தது. மசோதாவை எதிர்ப்பதாக முன்னர்க் கூறியிருந்த கட்சிக்குள் அவ்வறிவிப்புப் பெருஞ்சலசலப்பை உண்டாக்கியது. 1985க்குப் பின் ஒரு கட்சியின் உறுப்பினர் என்ன செய்தார் என்பதை அறியக் கட்சித் தலைமையின் அறிக்கையைப் படித்தாலே போதுமானதாக இருந்தது. அவ்விரவின் பட்டியலில் அந்த ஏழு பெயர்களைத் தனித்தனியே தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.